கழட்டு கண்ணு, கழட்டு!

கழட்டு கண்ணு, நல்லாக் கழட்டு. அப்புச்சி தடுக்கமாட்டேன். டேலி திறக்கறதுக்குள்ள டீ ஆறிப் போகுது, பில்லு வர்றதுக்குள்ள பார்ட்டி எந்திரிச்சுப் போயிடறாங்கன்னு நீ பொலம்பறது தெருமுச்சூடும் கேக்குது. உள்ள சும்மா கெடக்கற சாமானத்தையெல்லாம் உருவிப் போட்டா மெஷினு பறக்கும்னு உன்ற சிநேகிதன் சொன்னானாம். டிவிடி டிரைவ், ரெண்டாவது ஹார்டு டிஸ்க், டிவி டியூனர் கார்டு, டெலிபோன் ஒயர் சொருகற மோடம்னு பட்டியல் போட்டுக்கிட்டு, திருப்புளியும் கையுமா நிக்கற. ரேடியோவும் மோட்டாரும் கழட்டியே வயித்தைக் கழுவினவன் நானு. கழட்டறவன் கையைப் புடிச்ச பாவம் எனக்கு எதுக்கு?

ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப்போட்டுக் கழட்டு. அந்த டிவிடி டிரைவ் இப்ப என்ன வேலை செஞ்சுக்கிட்டு இருக்குது?

ஒண்ணும் செய்யல, அதனாலதான் கழட்டறேங்கறயா? நல்லாச் சொன்னே போ. ஒண்ணும் செய்யாதது உன்ற வேகத்தை எப்படித் திங்கும்? உள்ள தட்டு இல்லீன்னா மோட்டாரு சுத்தாது, லேசர் எரியாது. 'தட்டு ஏதாச்சும் வந்துச்சா'ன்னு அப்பப்ப ஒரு கேள்வி வரும். 'இல்லீங்க'ன்னு அது சொல்லும். விநாடிக்கு 300 கோடி தடவை துடிக்கற பிராசசருக்கு இந்த விசாரிப்பெல்லாம் ஒரு சோலியே இல்ல. சும்மா இருக்கறது எல்லாமே வேகத்தைக் கொறைக்குதுன்னு வெச்சுக்கிட்டா, இந்த ஊட்டுல நீ மொதல்ல கழட்ட வேண்டியது திண்ணையில கெடக்கற என்னையத்தான். நான் பாட்டுக்குப் படுத்திருக்கேன். யாராச்சும் கூப்பிட்டா 'உம்'ங்கறேன். என்னால ஆகற செலவு ரெண்டு வாய்ச் சோறு. அதால ஆகற செலவு ஒண்ணு ரெண்டு வாட் கரண்டு. அவ்வளவுதான்.

கரண்டுன்னதும் காதைத் தீட்டிக்கிட்டயே. சரி, அதையும் கணக்குப் போட்டுடலாம். பெரிய சைஸ் ஹார்டு டிஸ்க் ஒண்ணு, எழுதாம படிக்காம வெறுமனே சுத்திக்கிட்டிருந்தா சுமாரா 5 வாட். நாளைக்கு 10 மணி நேரம், வருசத்துக்கு 300 நாள் ஓடினா 15 யூனிட் ஆகும். மிச்சம் புடிக்கோணுமா, தாராளமாக் கழட்டு. ஆனா 15 யூனிட் மிச்சம் ஆனதைப் பார்த்துப்போட்டு 'மெஷினு சுறுசுறுப்பாயிருச்சு'ன்னு ஊரைக் கூட்டாதே.

இதுக்காக உன்ற சிநேகிதனைப் பொய்யன்னு சொல்லமாட்டேன். அவன் சொன்னது நெசந்தான். என்ன, சொல்றதுக்கு 20 வருசம் தாமசமாயிப் போச்சு.

1981இல ஐபிஎம்காரங்க மொத பிசி விட்டப்ப, உள்ள இருக்கற சாமானம் பிராசசரைக் கூப்பிடறதுக்கு மொத்தமே 8 கம்பிதான். 1984இல ஏடின்னு அடுத்தது வந்தப்ப, உபயோகத்துக்கு 15 ஆச்சு. கீபோர்டுக்கு ஒண்ணு, கடிகாரத்துக்கு ஒண்ணு, பிரிண்டருக்கு ஒண்ணு, மோடத்துக்கு ஒண்ணு, பாட்டுக் கேக்கற சவுண்டு கார்டுக்கு ஒண்ணு. ரெண்டு கார்டு ஒரே கம்பியைப் புடிச்சா மெஷினு அப்படியே நின்னு போகும். ஜம்பர்னு துளியூண்டு பிளாஸ்டிக் மூடி இருக்கும். நகத்தால புடுங்கி எடம் மாத்தி மாத்தி வெப்பாங்க. அந்தக் காலத்துல உபயோகமில்லாத கார்டைக் கழட்டினவன் வெவரமானவன். 1992இல பிசிஐ வந்து, ஒரே கம்பியை நாலு பேரு பங்கு போட்டுக்கலாம்னு ஆக்கிச்சு. இப்ப இருக்கற பிசிஐ எக்ஸ்பிரஸ்ல கம்பியே கெடையாது, தகவலாவே அனுப்பிக்குது. சண்டை முடிஞ்சு போச்சு. உன்ற சிநேகிதன்தான் இன்னும் பஞ்சாயத்து பண்ணிக்கிட்டுத் திரியறான்.

அடுத்தது அந்தப் பட்டை ஒயரு. அகலமா, சாம்பல் நெறத்துல, 40 ஓட்டையோட இருக்குமே, ஐடிஇ ஒயரு. ஒரே ஒயருல ஹார்டு டிஸ்க்கையும் சிடி டிரைவையும் கோத்து விட்டிருப்பாங்க. ஒண்ணு பேசி முடிக்கற மட்டும் இன்னொண்ணு வாயைத் தொறக்கக் கூடாது. சிடி டிரைவ் கீறல் விழுந்த தட்டைப் படிக்க முடியாம முனகிக்கிட்டிருந்தா, ஹார்டு டிஸ்க்கும் காத்துக்கிட்டு நிக்கோணும். விண்டோஸ் எக்ஸ்பி இன்னொரு வேலை பண்ணும். அந்த வழியில தப்பு மொத்தமா 6 சேர்ந்துச்சுன்னா, வேகத்தை ஒரு படி எறக்கிப்போடும். மறுக்கா தப்பு வந்தா மறுக்கா எறக்கும். கடசீல டேட்டாவைப் பிராசசரே ஒவ்வொண்ணாக் கையில அள்ளிக் கொட்டற நெலைமைக்கு வந்துரும். அப்ப பழுதான சிடி டிரைவைக் கழட்டினா மெஷினுக்கு உசுரு வந்துச்சு, கண்கூடாப் பார்த்திருக்காங்க. 2003இல சாட்டா வந்ததும் ஆளுக்கொரு தனி ஒயரு ஆயிப்போச்சு. இப்ப டிவிடி டிரைவ் வாயைத் தொறந்தா என்ன, மூடினா என்ன, ஹார்டு டிஸ்க்குக்கு அதோட பேச்சுவார்த்தையே இல்ல.

ஃபிளாப்பி டிரைவையும் அப்படித்தான் கழட்டினாங்க. கழட்டினதைப் பயாஸ்ல போய்ச் சொல்லாம உட்டவிய மெஷினு, காலங்காத்தால கருப்புத் திரையில 'ஃபிளாப்பியைக் காணோம், எஃப்1 அமுக்கு'ன்னு அடம் புடிச்சு நின்னுக்கும். வேகம் கூட்டறேன்னு கழட்டிப்போட்டு, தெனமும் வந்து எஃப்1 அமுக்கின புண்ணியவானுக நெறையப் பேரு.

இப்பச் சொல்றேன், நல்லாக் கேட்டுக்கோ. சும்மா இருக்கறது எதையும் திங்காது. சும்மா இருக்கற மாதிரி நடிக்கறது திங்கும். முடியாம முக்கறது எல்லாத்தையும் தின்னுபோடும். நீ கழட்ட வந்ததுல எது எந்த ஜாடைன்னு மொதல்ல பிரிச்சுக்கோ.

நடிக்கறவியளைப் பார்க்கோணுமா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அமுக்கு. டாஸ்க் மேனேஜர் வரும். அதுல ஸ்டார்ட்அப்னு ஒரு பக்கம் இருக்குது பாரு. காலையில மெஷினு எந்திரிக்கறப்பவே கூட எந்திரிக்கறவிய பட்டியல் அது. நீ பிரிண்டரை வித்து எத்தனை நாளாச்சு? அந்தப் பிரிண்டர்ல மை தீர்ந்துபோச்சான்னு பார்க்கற புரோகிராமு இன்னமும் நாள் தவறாம வேலைக்கு வருது. ஸ்கேனரு அட்டாலியில கெடக்குது. அதோட பட்டனை யாராச்சும் அமுக்கறாங்களான்னு ஒருத்தன் காவல் உக்காந்திருக்கான். டிவி டியூனர் கார்டுல டிவி பார்க்கறதே ஓஞ்சு போச்சு. ரிமோட்டுல எவனாவது சேனல் மாத்தறானான்னு பார்க்க ஒரு ஆளு. புது அப்டேட் வந்திருக்குதான்னு எட்டிப் பார்க்க நாலு ஆளு. சாமானத்தைக் கழட்டினா இவிய போயிருவாங்கன்னு நெனச்சயா? போகமாட்டாங்க. கார்டை உருவி ஆயாவோட பரணையில போட்டாலும், அதுக்குன்னு போட்ட சாஃப்ட்வேரு அங்கயேதான் குடியிருக்கும். கண்ட்ரோல் பேனல்ல போய் அதைத் தூக்கோணும். அதுக்குத் திருப்புளி வேண்டியதில்ல. ஆனா திருப்புளி புடிக்காம வேலை செஞ்ச மாதிரி உனக்குத் தோணாதே, அதான் வெசனம்.

இன்னொரு கூத்தைக் கேளு. பல எடத்துல மெஷினை இழுத்துப் புடிக்கறது, உள்ள இருக்கற சாமானமே இல்ல, இல்லாத சாமானம். பங்காளி கம்ப்யூட்டர்ல இருந்து ஃபைல் எடுக்கறதுக்குன்னு நெட்வொர்க் டிரைவ் ஒண்ணு போட்டு வெச்சிருந்தயே. அவன் கம்ப்யூட்டரை வித்து, கடையையும் காலி பண்ணிப்போட்டான். உன்ற மெஷினு மட்டும் ஃபைலைச் சேமிக்கற ஜன்னலைத் தொறக்கறப்பவெல்லாம் அவனைத் தேடித் தேடிப் பார்த்துட்டு, பதிலு வராம அப்புறந்தான் உனக்கு வழி விடும். சிவப்புப் பெருக்கல் குறி போட்டு நிக்குமே, அதை மொதல்ல துண்டிச்சு உடு.

முடியாம முக்கறதுன்னு சொன்னேனே, அது உன்ற ரெண்டாவது ஹார்டு டிஸ்க்கா இருக்கலாம். கல்யாண ஆல்பமும் பழைய சினிமாவும் போட்டு வெச்சிருக்கயே, அதுதான். தேஞ்சு போன டிஸ்க்கு ஒரு எடத்தைப் படிக்க முடியலைன்னா 'முடியலீங்க'ன்னு சட்டுனு கையை விரிக்காது. மறுக்கா படிக்கும், மறுக்கா படிக்கும், ரோசக்காரன்! அது பதில் சொல்ற மட்டும் அதைக் கேட்டவனும் நிக்கோணும். மவுசு நகரும், ஜன்னலு தொறக்காது. டிஸ்க் வெளக்கு அணையாம எரியும். சில சமயம் உள்ள 'டிக், டிக்'னு சத்தம் கேக்கும். டாஸ்க் மேனேஜர்ல அந்த டிஸ்க்கு 100 சதவீதம்னு நிக்கும், டேட்டா மட்டும் துளிகூட வராது. ஸ்மார்ட்னு ஒரு சோதனைக் கணக்கை டிஸ்க்கே எழுதி வெச்சிருக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மாதிரி இலவசப் புரோகிராமு அதைப் படிச்சுச் சொல்லிப்போடும். அதுல எச்சரிக்கைன்னு வந்தா, மொதல்ல கல்யாண ஆல்பத்தைக் காப்பி எடு. அப்புறம் கழட்டு. எடுக்காமக் கழட்டினயோ, மெஷினு வேகமாயிரும். உன்ற பொண்டாட்டிக்கு யாரு பதில் சொல்றது?

இந்த ஒரு கழட்டல்லதான் மெஷினு நெசமாவே பறக்கும். பறந்ததும் ஊருக்குள்ள என்ன பேச்சு? 'உபயோகமில்லாததைக் கழட்டினான், வேகமாச்சு.' இல்ல சாமி. சீக்கு வந்ததைக் கழட்டினான், வேகமாச்சு. உபயோகமில்லாததுக்கும் சீக்கானதுக்கும் வித்தியாசம் தெரியாமத்தான் நல்லா இருக்கற சாமானமெல்லாம் அட்டாலிக்குப் போகுது.

தூங்கற டிஸ்க்கையும் சீக்கான டிஸ்க்கையும் கொழப்பிக்காதே. கரண்டுல ஓடற மெஷினுல, 20 நிமிசம் தொடாம இருந்தா டிஸ்க்கை நிறுத்திப்போடுன்னு விண்டோஸ்ல சாதாரணமாவே ஒரு உத்தரவு இருக்கும். அப்புறம் நீ ஃபைலைத் தேடறப்ப அது எந்திரிச்சு, சுத்தி, வேகம் புடிக்கறதுக்குச் சில விநாடி ஆகும். அது கோளாறு இல்ல. பவர் ஆப்ஷன்ல போய் அந்த நேரத்தைக் கூட்டு, தீர்ந்துது.

ராம் பக்கம் மட்டும் கையைக் கொண்டு போகாதே. '16 ஜிபில 6தான் அப்புச்சி ஓடுது, மீதி 10 சும்மா கெடக்குது, ஒரு குச்சியைக் கழட்டி வித்துடட்டா'ன்னு கேட்டயே, அப்பவே உனக்குப் பொடனியில ரெண்டு போட்டிருக்கோணும். அது சும்மா கெடக்கல. நீ ஒருக்கா தொறந்த ஃபைலையெல்லாம் விண்டோஸ் அதுல எடுத்து வெச்சுக்கும். மறுக்கா கேட்டா டிஸ்க்குக்குப் போகாம அங்க இருந்தே எடுத்துக் குடுக்கும். ரெண்டு குச்சி ரெண்டு வழியா ஒரே நேரத்துல டேட்டா தர்ற மாதிரித்தான் போர்டையே செஞ்சிருக்காங்க. ஒண்ணை வித்தயோ, ஒரு வழி அடைஞ்சு போகும்.

அதுக்காகக் கண்ட குச்சியையும் சொருகலாம்னு அர்த்தமில்ல. 3200 வேகக் குச்சியோட, சும்மா கெடைச்சுதுன்னு 2400 குச்சியைச் சேர்த்துச் சொருகினா, எல்லாமே 2400லதான் ஓடும். புதுசா வந்த டிடிஆர்5ல இன்னொரு சங்கதி. ரைசன் 7000 வரிசைக்கு ரெண்டு குச்சி போட்டா 5200 வேகம்னு கம்பெனியே சொல்லுது. நாலு போட்டா 3600னுதான் உறுதி குடுக்குது. அங்க ரெண்டைக் கழட்டினா வேகம் கூடலாம். ஆனா மீதி இருக்கற ரெண்டு உன்ற வேலைக்குப் பத்தோணும். பத்தலைன்னா டிஸ்க்குக்கும் ராமுக்கும் நடுவுல டேட்டா அலைஞ்சே பொழுது போயிரும்.

கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்துச் சொருகல்ல வேற கார்டு போட்டா, சில போர்டுல அதோட 16 வழி 8 ஆயிரும். பக்கத்துக் கார்டைக் கழட்டினா 16 திரும்பி வரும். பெரிய கேம் ஆடறவனுக்கே அதுல பெருசா வித்தியாசம் தெரியாது. நீ பனியன் பில்லு அடிக்கறவன். உனக்கு 8 வழி எதுக்கு, 16 வழி எதுக்கு? பில்லு போறதுக்கு ஒத்தையடிப் பாதையே பத்தும்.

இத்தனை பட்டியல் போட்டயே, நெசமாக் கழட்ட வேண்டியது ஒண்ணை மட்டும் உட்டுப்போட்டயே கண்ணு. கேபினட் மூடியைத் தொற. பிராசசர் மேல ஃபேன் இருக்குது பாரு; அதுக்கடியில அலுமினியத் தகடு. தகடு தெரியுதா? தெரியாது. திருப்பூருப் பஞ்சு மெத்தை மெத்தையா அடைச்சுக்கிட்டு இருக்கும். கட்டிங் மேசைக்குப் பக்கத்துல கம்ப்யூட்டரை வெச்சா வேற என்ன ஆகும்? காத்துப் போக வழியில்லாம சூடு ஏறும். 95, 100 டிகிரி வாக்குல வந்ததும், எரிஞ்சு போகக் கூடாதேன்னு பிராசசர் தன் வேகத்தைத் தானே கொறைச்சுக்கும். காலையில நல்லா ஓடற மெஷினு மத்தியானத்துக்கு மேல மொணங்குதுன்னு சொன்னயே, அதுக்குச் சூடு ஒரு காரணமா இருக்கலாம். யாரும் பில்லு போட்டு விக்காத, யாரும் வாங்கி மாட்டாத, ஆனா உள்ள குந்திக்கிட்டு இருக்கற சாமானம் அந்தப் பஞ்சு ஒண்ணுதான்.

ஆயுத பூசைக்கு ஆயுத பூசை மானிட்டர்ல ஈரத்துணி போட்டுத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்சு, கேபினட் தலையில பொரியைக் கொட்டறயே, அதோட சரி. உள்ள இருக்கறதுக்கு என்னைக்குப் பூசை? பிளக்கைப் புடுங்கு. மூடியைக் கழட்டி வெளித் திண்ணைக்குக் கொண்டு வா. ஃபேனு சுத்தாம ஒரு விரலால புடிச்சுக்கிட்டு புளோயர் அடி. சூட்டைக் கடத்தற பசை காஞ்சு போயிருந்தா வழிச்சுப்போட்டுப் புதுசு தடவு. ஆயா முறத்தைத் தூக்கிட்டு வந்தா தாட்டி உட்டுரு.

அப்புறம் அந்த ரிஃப்ரெஷ் பழக்கம். மெஷினைப் போட்டதும் வலது பக்கம் கிளிக்குப் பண்ணி ரிஃப்ரெஷ், சித்த நேரம் கழிச்சு மறுக்கா ரிஃப்ரெஷ். சாமி கும்புட்டாக்கூட இத்தனை தடவை சுத்தமாட்டே. அது திரையில இருக்கற படத்தை மறுபடியும் வரையறதோட சரி. ராமும் காலியாகாது, பிராசசரும் வேகமாகாது. உன்ற விரலுக்கு உடற்பயிற்சின்னா பண்ணிக்கோ.

காசு செலவு பண்றதா இருந்தா, சுத்தற டிஸ்க்குல விண்டோஸ் வெச்சு ஓட்டறதை நிறுத்து. நிமிசத்துக்கு 7200 சுத்து சுத்தற டிஸ்க்கு ஒரு சுத்துக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும். ஊசி எடத்துக்கு நகரோணும், எடம் சுத்தி வரோணும். அங்கங்க செதறிக் கெடக்கறதைப் படிக்கச் சொன்னா விநாடிக்கு நூறு எடம் பார்க்கறதுக்குள்ள அதுக்கு மூச்சு வாங்கும். எஸ்எஸ்டில சுத்தறதும் இல்ல, நகர்றதும் இல்ல, ஆயிரக்கணக்குல பார்த்துப்போடும். லேப்டாப்பா இருந்தா டிவிடி டிரைவைக் கழட்டறதுக்கு அங்க ஒரு நாயமான காரணம் இருக்குது: அந்த எடத்துல கேடின்னு ஒரு கூடு போட்டுப் பழைய ஹார்டு டிஸ்க்கை வெச்சுக்கிட்டு, ஹார்டு டிஸ்க் எடத்துல எஸ்எஸ்டியைப் போடலாம். வேகம் வந்தது டிவிடி போனதால இல்ல, எஸ்எஸ்டி வந்ததாலன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ.

இதெல்லாம் கேட்டும் கை துறுதுறுங்குதா? சரி, மொறையாச் செய். மொதல்ல செல்போன்ல ஸ்டாப்வாட்ச்சைப் போட்டு, மெஷினு எந்திரிக்கற நேரத்தையும் டேலி தொறக்கற நேரத்தையும் எழுது. பயாஸ்ல பூட் வரிசையைப் பாரு. பென் டிரைவ், டிவிடி, நெட்வொர்க்னு எல்லாத்தையும் தேடிட்டுக் கடசீல டிஸ்க்குக்கு வர்றதா இருந்தா, டிஸ்க்கை முன்னால போடு. அடுத்தது, திருகைத் தொடாம டிவைஸ் மேனேஜர்ல போய் ஒரு சாமானத்தை மட்டும் முடக்கு. மறுபடியும் நேரம் எழுது. பாட்டுக் கேக்கறப்ப கரகரன்னு வெட்டறது நின்னுதுன்னா, அந்தச் சாமானத்தோட டிரைவர்தான் கள்ளன். புது டிரைவரைப் போட்டுப் பாரு. ஒரு நேரத்துக்கு ஒண்ணு மட்டும் மாத்து. அஞ்சைச் சேர்த்துக் கழட்டிப்போட்டு வேகமாச்சுன்னா, எதனால ஆச்சுன்னு எந்தச் சாமியும் வந்து சொல்லாது. நேரம் மாறலைன்னா, கழட்டினதைத் திருப்பி மாட்டு, வெட்கப்படாதே.

இந்தா, திருப்புளி. நீ கொண்டு வந்தது மொனை மழுங்கிப் போச்சு, என்றதை எடுத்துக்கோ. கழட்டற திருகையெல்லாம் ஒரு கிண்ணத்துல போட்டு வெய்யி. எப்படியும் மாட்டி முடிக்கறப்ப நாலஞ்சு மிஞ்சும், உன்ற ராசி அப்படி. அதை மட்டும் 'உபயோகமில்லாத ஹார்டுவேரு அப்புச்சி, இது இல்லாமயே மெஷினு ஓடுது'ன்னு எங்கிட்ட எடுத்துக்கிட்டு வந்துராதே.